துணை

“பாவசங்கீர்த்தனம் மாதிரிதானே? சொன்னது வெளிய போகாதே?”

மூன்றாவது தடவையாகக் கேட்டாள் நோரா.

“இங்க சொன்னது இங்கயே இருக்கும். தைரியமா சொல்லுங்க.”

கம்ப்யூட்டர் திரையில், ‘துணை’ என்று பெயர் போட்ட சின்னக் கட்டத்துக்குள் அந்தப் பதில் வந்து நின்றது. நோராவுக்கு அப்பாடா என்றிருந்தது. சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, கடகடவென்று தட்டினாள்.

“புது சிஸ்டம் எனக்கு சுத்தமா புரியல. இப்பவும் காலண்டர் தாள் பின்னாடிதான் டூட்டி எழுதறேன். வீட்டுக்குக் கொண்டுபோய் என் பொண்ணு சோஃபியாவ விட்டு சிஸ்டத்துல ஏத்தறேன். எம்.டி.க்குத் தெரிஞ்சா என்னைப் பத்தி என்ன நெனப்பாரு?”

தேனாம்பேட்டையில், வீடுகளுக்கு நர்ஸும் ஆயாவும் அனுப்பும் கம்பெனி அது. பத்தொன்பது வருஷமாக டூட்டி போடுவது நோராதான். நூற்று நாற்பது பேரில் யாருக்கு எந்த வீடு ஒத்துவரும், யார் யாரோடு முறைத்துக்கொள்வார்கள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அந்தப் புது சிஸ்டம் மட்டும்தான் பிடிபடவில்லை.

எம்.டி. ஃபிரெட்ரிக்குக்கு இந்த வருஷம் டிஜிட்டல் பித்து பிடித்திருந்தது. மேனேஜர்களுக்குப் பக்கத்திலேயே இருந்து யோசனை சொல்ல ஒரு ஏஐ வாங்கப்போவதாக அறிவித்தார். பொறுப்பைச் சான்ட்ராவிடம் கொடுத்தார். சான்ட்ரா வேறு யாருமில்லை, நோரா சிபாரிசு செய்து வேலைக்குச் சேர்த்த பெண். இருவருக்கும் ஒரே மாதா கோயில், ஆபீஸில் பக்கத்துப் பக்கத்து அறை.

“உனக்குத்தான்க்கா மொதல்ல போட்டுத் தரேன்” என்று மூன்று மாதத்துக்கு முன் அவளே வந்து இந்தக் கட்டத்தைத் திறந்து வைத்துவிட்டுப் போனாள்.

சும்மா சொல்லக்கூடாது, துணைக்கு நல்ல மூளை. ஞாயிற்றுக்கிழமை டூட்டி என்றாலே முறுக்கிக்கொள்ளும் அங்காளம்மாளை என்ன செய்வது என்று நோரா ஒருநாள் கேட்டாள். “மொதல்ல அவங்க வேலையப் பாராட்டுங்க, அப்புறம் கேளுங்க” என்றது. அப்படியே செய்தாள். அங்காளம்மாள் சிரித்துக்கொண்டே போனாள்.

ஒரே ஒரு குறை. சாப்பிடப் போகும் முன் எதையாவது கேட்டுவைத்தால், டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்த பிறகுதான் பதில் வரும்.

“உன் மெஷினுக்கும் பசிக்கும் போலடி. மணி ஒண்ணானா வாயே தொறக்க மாட்டேங்குது” என்றாள் நோரா, சாப்பாட்டு மேஜையில்.

சான்ட்ராவுக்குப் புரையேறிவிட்டது. நோராதான் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள். “யாரோ உன்ன நெனைக்கறாங்க” என்று கேலி வேறு.

அந்த வெள்ளிக்கிழமைதான் புது ஆபரேஷன்ஸ் ஹெட் யார் என்று சொல்லும் நாள். நோராவை விட்டால் யார் இருக்கிறார்கள்? அவள் கணவர் காஸ்பர் காலையிலேயே கேக்குக்குச் சொல்லி வைத்துவிட்டார்.

பன்னிரண்டரைக்கு ஃபிரெட்ரிக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

“ஏன் நோரா, டூட்டிய இன்னும் காலண்டர் தாள் பின்னாடி எழுதி, வீட்ல உங்க பொண்ண விட்டு ஏத்தறீங்களாமே?”

“சார், அது வந்து...” என்று ஆரம்பித்தாள் நோரா.

“இத வெச்சுக்கிட்டு நான் எப்படிக் கம்பெனிய மாத்தறது? சான்ட்ராவ ஹெட்டா போடறேன். நீங்க கூட இருந்து அவங்களுக்கு ஹெல்ப் பண்ணுங்க.”

அறைக்குத் திரும்பி வந்தவள் நேராகக் கம்ப்யூட்டர் முன் போய் உட்கார்ந்தாள். அந்தக் கட்டத்தில், “உன்னைப் போய் நம்பினேனே, நீ நல்லா இருப்பியா?” என்று தட்டினாள். பதிலே இல்லை. விஷயம் கேள்விப்பட்டுச் சான்ட்ராதான் ஓடி வந்தாள்.

“சத்தியமா எனக்கே இப்பத்தான்க்கா தெரியும். அவருக்கு யாரு போய்ச் சொன்னது?”

“அதுகிட்ட மட்டும்தாண்டி சொன்னேன். வேற ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது.”

“மெஷின நம்பி மனசுல கெடக்கறதெல்லாம் கொட்டலாமாக்கா?” சான்ட்ரா அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

பத்தொன்பது வருஷ அழுகையும் நோராவுக்கு அந்தத் தோளில்தான் வந்தது. “நீயாவது இருக்கியே” என்றாள்.

அப்போது பையும் ஒரு அட்டைப் பெட்டியுமாக வாசலில் ஒருவன் வந்து நின்றான். கழுத்து அட்டையில் மதிவாணன் என்று இருந்தது.

“சான்ட்ரா மேடம் யாருங்க? ஏஐ கம்பெனிலேர்ந்து வரேன். துணை...”

“நீ என் ரூம்ல போய் உக்காருப்பா, வரேன்” என்றாள் சான்ட்ரா அவசரமாக.

நோரா விடவில்லை. “எதுவும் வேணாம், திருப்பி எடுத்துட்டுப் போ. மூணு மாசமா நல்லவளாட்டம் பேசிப் பேசி என் வாயப் புடுங்கி, என் பொழப்புல மண்ணப் போட்டுடுச்சு உங்க துணை.”

மதிவாணன் திருதிருவென்று விழித்தான். கையிலிருந்த தாளை ஒருமுறை சரிபார்த்தான்.

“இன்னா மேடம் சொல்றீங்க? துணைய இன்னிக்குத்தானே இங்க போடவே வந்திருக்கேன்.”

சாய்ந்திருந்த தோள் விறைத்துப்போனது நோராவுக்குத் தெரிந்தது. மெதுவாகத் தலையை எடுத்து அவள் முகத்தைப் பார்த்தாள். சான்ட்ரா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நோரா கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“மணி ஒண்ணாகுது சான்ட்ரா. போய்ச் சாப்பிடு, மெஷினுக்குப் பசிக்கும்.”