நல்ல உழைப்பாளி

“இன்டர்வியூவுல அப்பா செத்துட்டாருன்னு சொன்னியா?”

காளிதாஸ் தேநீர்க் கிளாஸை மேசையில் வைத்த வேகத்தில் சாலையோர ஒட்டுக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“நான் சொல்லலப்பா. தனபாலன் சார்தான் சொன்னாரு,” என்றாள் மகள் தாரணி.

எதிரே, கம்ப்யூட்டருக்குச் சில்லு செய்யும் அமெரிக்கக் கம்பெனி. யூனியன் என்ற சொல் காதில் விழுந்தாலே அதற்குக் காய்ச்சல் கண்டுவிடும். அங்கே ஆள் எடுக்கும் அதிகாரி தனபாலன், இவர்கள் ரப்பர்த் தோட்டத்துப் பையன்.

“வெள்ளைக்காரன், ‘ஃபாதர் என்ன வேலை?’ன்னு கேட்டான். நான் வாயத் தொறக்கறதுக்குள்ள சார் முந்திக்கிட்டாரு. ‘இறந்துட்டார் பாஸ். தோட்டத்துல பால் எடுக்க மரம் வெட்டினவரு. நல்ல உழைப்பாளி. பிரச்சினையே பண்ணாதவரு’ன்னு…”

செத்ததைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பிரச்சினையே பண்ணாதவராம்! தோட்டத்து மானேஜர் பங்களா வாசலில் யூனியன் தலைவராக வேலைநிறுத்தம் நடத்தி, வேலையே போனாலும் தலை குனியாத காளிதாஸ்!

அந்தப் போராட்டத்தில் அவரோடு தோளோடு தோள் நின்ற முனுசாமியின் மகன்தான் இந்தத் தனபாலன். புலிக்கு, டை கட்டிய பூனை பிறந்திருக்கிறது.

“வேலை கிடைச்சிருச்சுப்பா. திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்க. விட்ருங்க லா, ப்ளீஸ்.”

அவருக்கு வேலை போன நாள் முதல் வீட்டில் அடுப்பெரிவது அவர் மனைவி வேலாயி பால்மரம் வெட்டும் கூலியில். கொள்கைக்கு முன்னால் அதெல்லாம் சின்ன விஷயம். காளிதாஸ் சாலையைக் கடந்தார்.

சாப்பாட்டு நேரத்துக்குத் தனபாலன் வெளியே வந்தான்.

“டேய், என்னை எப்படா சாகடிச்ச?”

“மாமா, செத்தவங்க கம்பெனி கேட்டுக்கு முன்னால நின்னு சத்தம் போடக் கூடாது. செக்யூரிட்டி கார்டு பாக்கறான்.”

“உன் மானம் ரோசமெல்லாம் எங்கடா போச்சு?”

“பத்திரமா இருக்கு மாமா. டை மறைச்சிருக்கு.”

அவரைப் பார்க்காதவன்போல் நடந்துவிட்டான்.

வீடு திரும்பும் மெர்லிமாவ் பஸ்ஸில் வழியெல்லாம் காளிதாஸ் துண்டறிக்கைக்கு வாசகம் யோசித்தார். ‘துரோகி தனபாலன்’ என்று தலைப்பு அமைந்தது. வீட்டில் வேலாயி பார்த்த பார்வையில் அறிக்கை தலைப்போடு நின்றுவிட்டது.

திங்கட்கிழமை விடியலில் தாரணி கெஞ்சினாள். “நீங்க பஸ்கிட்ட வராதீங்கப்பா. டிரைவர் ஆபீஸ்ல போய்ச் சொல்லிருவான்.”

“எவனுக்குடி நான் பயப்படணும்?”

சொல்லிவிட்டு, தோட்டத்து முச்சந்திவரை இருபது அடி தள்ளியே நடந்தார். கம்பெனி பஸ்ஸின் வெளிச்சம் தெரிந்ததும் கால்கள் தாமாகவே கோயில் சுவருக்குப் பின்னால் போய்விட்டன.

அங்கே ஏற்கெனவே நாலைந்து பேர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் அந்தப் போராட்டத்தில் வேலை போனவர்கள். இவர்கள் பிள்ளைகளை அந்தக் கம்பெனி எப்படிச் சேர்த்தது என்று தலைவர் இதுவரை யோசித்ததே இல்லை.

முனுசாமி நகர்ந்து இடம் விட்டார்.

“தலையக் குனிங்க தலைவரே, லைட்டு படுது. எம் பையன் முதல்ல சாகடிச்சதே என்னைத்தான்.”