நிழலைச் சுருட்டுகிறவன்

அவன் பொத்தானைத் தொட்டான். வெளியே கூரை சுருளத் தொடங்கியது.

கறுப்புக் கண்ணாடி. உள்ளேயிருந்து பார்த்தால் வெளியே எல்லாம் தெரியும். வெளியே இருப்பவர்களுக்கு அவரவர் முகம்தான் தெரியும்.

கதாநாயகனின் கேரவன் அது. அதன் பக்கவாட்டில் விரிந்திருந்த துணிக்கூரைக்குக் கீழே பன்னிரண்டு பெண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இழவு வீட்டுக் காட்சியில் அழ வந்த துணை நடிகைகள். சுற்றிலும் கல்குவாரி. மரம் என்று பெயருக்குக்கூட ஒன்று கிடையாது.

ஹீரோவின் மேனேஜர் போனில் சொல்லியிருந்தார். ஹீரோ பத்து நிமிடத்தில் வருகிறார், வண்டிப் பக்கம் ஒருத்தர் இருக்கக் கூடாது. சொல்லி எழுப்பினால் முணுமுணுப்பார்கள். கூரையைச் சுருட்டிவிடு, தானாக எழுந்து போய்விடுவார்கள்.

மேனேஜருக்கு மூளை உண்டு. கூச்சம்தான் கிடையாது.

வண்டியைப் பார்த்துக்கொள்ளும் இவனுக்குக் கூச்சம் நிறையவே உண்டு. அதனால்தான் வெளியே போகாமல் உள்ளே நின்று பொத்தானைத் தொட்டான்.

பழைய வண்டியில் இது கைவேலை. கொக்கிக் கம்பியை மாட்டி அறுபது சுற்றுச் சுற்ற வேண்டும். கம்பியோடு அவன் நடந்து வருவதைப் பார்த்தாலே கீழே இருப்பவர்களுக்குப் புரிந்துவிடும். இன்னும் இரண்டு வாய்தான், கொஞ்சம் இரு என்பாள் ஒருத்தி. கம்பியை ஊன்றிக்கொண்டு நிற்பான். இரண்டு வாய் ஐந்து வாயாகும். ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

இந்த வண்டி புதிது. ஒரு பொத்தானுக்குப் படுக்கையறை பக்கவாட்டில் பிதுங்கிக்கொண்டு வெளியே வரும். இன்னொன்றுக்குக் கூரை உள்ளே போகும். யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

நிழலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவள் மேல் முதலில் வெயில் விழுந்தது.

மரகதம். அவனுடைய அக்கா. கூடப் பிறந்தவள்.

இருபது வருடமாகக் கூட்டத்தில் நிற்கிறவள். பழைய வண்டியில் அவனைச் சேர்த்துவிட்டது அவள்தான். இந்த வண்டிக்கு மாறிய அன்றே அவன் போனில் சொன்னான், ஹீரோ வண்டி, செட்டில் என்னைத் தம்பி என்று காட்டிக்கொள்ளாதே, மரியாதை போய்விடும் என்று. ஏற்றிவிட்ட ஏணியை எட்டி உதைப்பது என்பார்கள். இவன் உதைக்கக்கூட இல்லை. ஏணியையே தெரியாது என்றுவிட்டான்.

சரிடா என்றாள். அவ்வளவுதான்.

இப்போது நிமிர்ந்து வெயிலைப் பார்த்தாள். தட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு முழம் உள்ளே நகர்ந்தாள். வெயிலும் ஒரு முழம் நகர்ந்தது. மற்றவர்களும் நகர்ந்தார்கள். யாரோ சிரித்தார்கள். சாம்பார் சாதத் தட்டுகளோடு, உட்கார்ந்த வாக்கிலேயே, பன்னிரண்டு பேரும் வண்டியை நோக்கி நகர்ந்து நகர்ந்து வந்தார்கள்.

யாரும் எழுந்து போகவில்லை. கூரை பழுது என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. ஒரு மனுஷன் உள்ளே நின்று இதைச் செய்வான் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

மறுபடி தொட்டால் கூரை நின்றுவிடும். அது அவனுக்குத் தெரியும்.

தொடவில்லை. கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமாம்.

மோட்டார் உறுமியது. திணறியது. நின்றது.

இன்னும் ஒரு கை நீளம் மிச்சம். அந்தக் கொஞ்ச நிழலில் அவர்கள் வண்டியோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். யாருடைய வளையலோ தகரத்தில் உரசுவது உள்ளே கேட்டது.

போன் அடித்தது. கையால் சுற்றித் தொலை என்றார் மேனேஜர்.

அவசரத்துக்கென்று இந்த வண்டியிலும் வைத்திருந்த கம்பியை எடுத்தான். கதவைத் திறந்தான். படியில் இறங்கினான்.

பன்னிரண்டு முகங்களும் அவனைப் பார்த்தன. கூரை தானாகச் சுருளவில்லை என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

கம்பியை மாட்டும் துளை கூரையின் மூலையில் இருந்தது. நகர்ந்து நகர்ந்து, அந்த மூலைக்குக் கீழேதான் அக்கா வந்து சேர்ந்திருந்தாள். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. கண்கள் சிவந்திருந்தன. காலையிலிருந்து கிளிசரின் போட்டு அழுத கண்கள். அவற்றைப் பார்த்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

அவள் எழுந்தாள்.

"எந்திரிங்கடி. சாருக்கு வேலை இருக்குல்ல."

குத்தலாகச் சொல்லவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறாள். சோற்றை நாய்க்குக் கொட்டிவிட்டு, தண்ணீர் லாரியைப் பார்த்து வெயிலில் நடந்தாள்.

அவன் கம்பியை மாட்டினான். இடப்பக்கம் சுற்றினால் கூரை உள்ளே போகும். வலப்பக்கம் சுற்றினால் வெளியே வரும்.

வலப்பக்கம் சுற்றினான்.

கூரை கிறீச்சிட்டுக்கொண்டு வெளியே வந்தது. எழுந்து நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சட்டைப்பையில் போன் அடித்தது. இரண்டு கைகளும் கம்பியில் இருந்தன. ஒருத்தி உட்கார்ந்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக எல்லோரும்.

கடைசிச் சுற்று முடிந்ததும் நிமிர்ந்தான். மேனேஜர் கையை ஆட்டிக்கொண்டு தூரத்தில் ஓடி வந்துகொண்டிருந்தார்.

நிழலின் ஓரத்தில் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது.

அக்கா என்று கூப்பிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. செட்டில் எல்லோரும் எல்லோருக்கும் அக்காதான். வீட்டில் அவளுக்கு வேறு பெயர். மரகதக்கா என்று முழுசாகச் சொல்ல வராத வயதில் அவன் வைத்தது.

"கதக்கா, சாப்புட வா."

சத்தமாகத்தான் கூப்பிட்டான். பாறையில் பட்டு அது திரும்பி வந்தது. மேனேஜர் நின்றுவிட்டார்.

நிழலில் இருந்த பதினொரு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் மட்டும் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.