மூணா, எட்டா?

“ஏ, பி எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் டீச்சர். முதுகு நேரா நின்னுக்கிட்டு, ஒரு கையும் ஒரு காலும் முன்னால நீட்டிக்கிட்டு இருக்குமே, அதச் சொல்லிக் குடுங்க.”

டீச்சருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. முதலில் நின்ற கோடு, அடுத்து படுத்த கோடு, சாய்ந்த கோடு, அதன் பிறகுதான் எழுத்து என்பது அவளுடைய சட்டம். பேக்கிங் கம்பெனியின் சாப்பாட்டு அறையில், வேலை முடிந்து வரும் பெண்களுக்கு அவள் ஆங்கில எழுத்தும் எண்ணும் எழுதப் பழக்குகிறாள். அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு கோடு போட, இந்த ஒருத்தி மட்டும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நிற்கிறாள்.

“அது கே,” என்றாள் டீச்சர், வேண்டாவெறுப்பாக.

“போற போக்கப் பாத்தா இவ மேனேஜர் சீட்டுல உக்காந்துடுவா போலிருக்கே!” என்று பக்கத்து மேசையிலிருந்து யாரோ சீண்டினார்கள். அவள் சிரிக்கவில்லை. எழுத ஆரம்பித்தாள். எழுதினாள் என்றுகூடச் சொல்ல முடியாது, கீழேயிருந்து மேலே படம் வரைந்தாள். வரைந்து முடித்ததும் சுற்றி ஒரு கட்டம் போட்டாள்.

“கட்டம் எதுக்கு?”

“கட்டத்துக்குள்ளதான் டீச்சர் இருக்கும்.”

டீச்சருக்கு விஷயம் புரிந்துவிட்டது. இங்கே பெட்டிகளின் மேல் கட்டத்துக்குள் குறி எழுதுகிற வேலை இவளுடைய வீட்டுக்காரனுடையது. அவன் இடுப்பு உடைந்து படுக்கையில் கிடக்கிறான் என்று கேள்வி. அந்த வேலை கைவிட்டுப் போகாமல் இவள் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறாள், பாவம்.

“ரொம்ப அவசரப்படுத்தறாங்களா?”

“எழுதிக் குடுத்தாத்தான் மேற்கொண்டு பாப்போம்னு கறாராச் சொல்லிட்டாங்க. நாள் தள்ளிப்போனா நானே மறந்துடுவேன் டீச்சர். அதான் பயமா இருக்கு.”

டீச்சரின் மனம் இளகியது. சட்டத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டாள். அந்தப் பெண் ஒற்றைப் படி வைத்த ஏணி என்றால் எச், கவிழ்த்துப் போட்ட நாற்காலி என்றால் நாலு, அரிவாள் என்றால் ஏழு என்று கேட்டதை மட்டும் சொல்லிக் கொடுத்தாள். மூணுதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. “எட்டுக்கு வயிறு ரெண்டு பக்கமும் மூடியிருக்கும். மூணுக்கு ஒரு பக்கம் தொறந்திருக்கும்,” என்று கையைப் பிடித்துச் சுழற்றிக் காட்ட வேண்டியிருந்தது.

டீச்சருக்கும் நாட்கள் நிம்மதியாகப் போகவில்லை. கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. கேட்டில் உரசிவிட்டது, முன்பக்கம் மட்டும் பெயிண்ட் அடிக்கணும் என்று சொன்ன அவளுடைய வீட்டுக்காரர், அன்றிலிருந்து தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தார். பஸ்ஸில் இடிபட்டு வந்து சேர்வதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். நல்லவேளை, இன்றைக்குக் கார் கைக்கு வந்துவிட்டது, கூப்பிட வருகிறேன் என்று போன் செய்திருந்தார்.

வகுப்பு முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகும் அந்தப் பெண் மட்டும் நகரவில்லை. பலகையில் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தாள். வாசலில் ஹாரன் கேட்டது.

“சீக்கிரம்மா. எங்க வீட்டுக்காரருக்குப் பொறுமையே கெடையாது.”

“இன்னிக்கு வரிசையா எழுதறேன் டீச்சர். பாத்துட்டுப் போயிடுங்க.”

கே, எச், நாலு, ஏழு, மூணு. மேலிருந்து கீழாக, கோணாமல், நடுங்காமல் எழுதினாள். கடைசியில் சுற்றிக் கட்டம் போட்டாள்.

தனித்தனியாகச் சொல்லிக் கொடுத்ததை டீச்சர் சேர்த்துப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஒரு தடவை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“இது… பெட்டியில எழுதற நம்பர்தானே?”

“பெட்டியா? எங்க வீட்டுக்காரர இடிச்சுத் தள்ளிட்டு நிக்காமப் போச்சே, அந்தக் கார் நம்பர் டீச்சர். ஸ்டேஷன்ல ஏணி, நாற்காலின்னு வாயால சொன்னேன், சிரிச்சாங்க. பாத்தவ நீதானே, நீயே எழுதிக் குடுன்னுட்டாங்க.”

ஹாரன் விடாமல் அலறியது. டீச்சர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு பலகைக்குப் பக்கத்தில் போனாள்.

“கடைசில இருக்கறது மூணா, எட்டா? நல்லா யோசிச்சுப் பாரு. பதட்டத்துல சரியாப் பாத்திருக்க மாட்டே.”

“மூணுதான் டீச்சர். வயிறு தொறந்துதான் இருந்துச்சு. நீங்கதானே கையப் புடிச்சு வித்தியாசம் சொல்லிக் குடுத்தீங்க?” அவள் டீச்சரின் முகத்தையே பார்த்தாள். “ஒண்ணு மாறிப்போனாலும் அவருக்கு நியாயம் கெடைக்காது. சரியா இருக்கா, சொல்லுங்க டீச்சர்.”

டீச்சர் சாக்பீஸை மேசைமேல் வைத்தாள். ஜன்னலருகே போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

“சரியாத்தான் இருக்கு. வெளியில நிக்குது, வந்து பாரு.”