கல் மனிதன் புரண்ட இடம்

இரவெல்லாம் கொட்டிய மழை விடிந்ததும் ஓய்ந்தது. தீவின் பழைய பளிங்குக் குவாரியில் காவல் வேலை பார்க்கும் கல்லிரோய், விளக்குமாற்றோடு மேலே ஏறினாள். பாதி செதுக்கியபடி ஈராயிரம் வருடங்களாக மல்லாந்து கிடக்கும் ராட்சதக் கல் மனிதன் அங்கேதான் கிடந்தான். ஆனால் அவனுக்குப் பக்கத்தில், நேற்றுவரை அவன் கிடந்த இடத்தில், அவன் உருவத்திலேயே, அவன் நீளத்துக்கே தரை காய்ந்திருந்தது.

"அனார்கிரோஸ், ஓடி வாப்பா!"

டிக்கெட் கொடுக்கும் அனார்கிரோஸ் மூச்சிரைக்க வந்து பார்த்தான். "யாராவது நகர்த்தியிருப்பாங்கக்கா."

"எதை வச்சு? உன் கழுதையை வச்சா?"

அவன் சிரிக்கவில்லை. கல்லிரோய் குனிந்து காய்ந்த மண்ணில் உள்ளங்கையை வைத்தாள். இப்போதுதான் ஒருவர் எழுந்துபோன படுக்கைபோல் அது வெதுவெதுப்பாக இருந்தது. அவள் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

கீழே சுற்றுலா பஸ் வந்து ஹாரன் அடித்தது. அனார்கிரோஸ் தொப்பியைக் கழற்றினான்.

"கீழ போய்ச் சொல்லுப்பா," என்றாள் தணிந்த குரலில். "சத்தமில்லாம ஏறி வரட்டும்."