பாக்கெட்டில் பத்து

மெடிக்கல் கடைக்காரனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான் ராஜேந்திரன். பாக்கெட் மேல் பத்து என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. படுத்த படுக்கையாகக் கிடக்கும் நைனாவுக்கு ராத்திரிக்கு ஒரு டயப்பர்தான் கட்டுகிறார்கள். அப்படியும் ஒரு மாதமாக ஐந்தாறு நாளிலேயே பாக்கெட் காலியாகிவிடுகிறது. கடைக்காரனிடம் இரண்டு தடவை சண்டை போட்டும் பார்த்துவிட்டான்.

மனைவியை அடக்கம் செய்த மூன்றாம் நாள், போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து நினைக்கிற நினைப்பா இது? தப்பென்று அவனுக்கே தெரிந்தது. ஆனால் வேறு எதை நினைத்தாலும் உள்ளே ஒன்றும் அசையவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி மனசு மரத்துக் கிடந்தது.

“இன்னாபா, காதுல வுழுதா?” என்று ஒரு தாளை நீட்டினார் மூர்த்தி. காட்டூரைத் தாண்டிக் கட்டுகிற தண்ணீர்த் தொட்டி வேலைக்கு அவர்தான் சூப்பர்வைசர். “ஒரு கையெழுத்து போட்டுட்டீன்னா இன்னியோட முடிஞ்சிடும்.”

ராஜேந்திரன் எழுத்துக் கூட்டிப் படித்தான். என் மனைவி அனிதா, தொட்டிக்கு பெயிண்ட் அடிக்கும்போது, சிறுநீர் கழிக்க வேண்டி பாதுகாப்பு பெல்ட்டைத் தானே கழற்றியதால் தவறி விழுந்து இறந்தார். இதில் வேறு யார் மீதும் குறை இல்லை.

அந்த பெல்ட்டை ஒரு நாள் அவள் வீட்டுக்கே கொண்டுவந்து காட்டியிருக்கிறாள். தோளுக்கு இரண்டு பட்டை, தொடைக்கு இரண்டு பட்டை, நெஞ்சில் ஒரு பூட்டு. அவசரம் என்றால் தொண்ணூற்றாறு படி இறங்கி, அத்தனையையும் அவிழ்த்து, கருவேலம் புதருக்கு ஓடி, திரும்ப மாட்டிக்கொண்டு ஏற அரை மணி நேரம் ஆகும். இறங்கும்போதே மூர்த்தி வாட்சைப் பார்ப்பார்.

ஏரியில் கையால் தடவி இறால் பிடித்த வரைக்கும் அனிதாவுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறவளை யார் கேட்கப் போகிறார்கள்? இறால் குறைந்து இந்த வேலைக்கு வந்த பிறகுதான், காலையில் எழுந்தால் சாயங்காலம் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகினாள். இரண்டே மாதத்தில் நீர்க்கடுப்பு வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அப்புறம் தினமும் அவள் கிளம்பும்போது ராஜேந்திரனே ஒரு சொம்பு கஞ்சியை நீட்ட ஆரம்பித்தான். முதலில் முறைத்தாள். ஒரு நாள் பேசாமல் வாங்கி முழுசாகக் குடித்தாள்.

“மேல போயி இன்னாமே பண்ணுவ?” என்று கேட்டான்.

“அத நான் பாத்துக்கறேன். உனுக்கு இன்னாத்துக்கு?” என்று சிரித்துவிட்டுப் போனாள்.

விழுந்த அன்றைக்கும் அந்தச் சொம்பைக் கொடுத்து அனுப்பியவன் இவன்தான். குடி, குடி என்று கொடுத்தே கொன்றுவிட்டோம் என்று நினைத்தான். அதைக்கூட அழாமல்தான் நினைத்தான்.

“பெல்ட்டு மேலயே தொங்கிச்சிபா. என் கண்ணால பாத்தேன்” என்றார் மூர்த்தி. “அவுக்காம எப்பிடி கழண்டு வரும்? அடக்க முடியாம போயிருக்கும். பாவம், பொம்பள, யாருகிட்ட சொல்லுவா?”

“காலைல ஒரு சொம்பு கஞ்சி குடிச்சிட்டுதான் சார் போனா.”

“அதான் பாத்தியா!” மூர்த்தி பேனாவின் மூடியைத் தானே கழற்றிக் கொடுத்தார். “உன் வாயாலயே சொல்லிட்ட.”

ராஜேந்திரன் தாளை பெஞ்சில் வைத்து, ‘ராஜே’ என்று மெதுவாக எழுதினான். பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து அவன் கை அவ்வளவு வேகம்தான்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த ரைட்டர் தேவதாஸ் இன்னொரு தாளை எடுத்தார். “அப்டியே இதுக்கும் ஒண்ணு போட்டுடு. ஆஸ்பத்திரில உடம்புலேர்ந்து எடுத்ததுங்க லிஸ்டு. படிக்கிறேன், கேட்டுக்க.”

ராஜேந்திரன் தலையாட்டிக்கொண்டே அடுத்த எழுத்துக்கு பேனாவை வைத்தான்.

“மஞ்சக் கயிறு ஒண்ணு. கண்ணாடி வளையல் மூணு. சுடிதார் ஒண்ணு. அதுக்கு மேல போட்டிருந்த ஆம்பள சட்ட ஒண்ணு.” அது ராஜேந்திரனின் சட்டை. “பெரியவங்க போடற டயப்பர் ஒண்ணு. அத அங்கியே போட்டுட்டாங்களாம்.”

பேனா நின்றது.

நைனாவுக்கு ராத்திரிக்கு ஒன்று. அனிதாவுக்கு பகலுக்கு ஒன்று. பத்து டயப்பர் ஐந்தாறு நாள்தான் வரும். கடைக்காரன் ஏமாற்றவே இல்லை.

மூன்று நாளில் முதல்முறையாக ராஜேந்திரனின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. துடைக்காமல் நிமிர்ந்து மூர்த்தியைப் பார்த்தான். மூர்த்தி வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னாபா, பேர பாதியில நிறுத்திட்ட?” என்றார் தேவதாஸ்.

“அவ பெல்ட்ட அவுக்கல சார்.”