ஐம்பத்தாறாம் நாள்

"சீமெந்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைச்சு உமிச்சாம்பல் போட்டிருக்கிறன், சேர். சீமெந்துச் சூளைப் புகையும் அந்தளவுக்குக் குறையும்," என்றார் எஞ்சினியர் ஒஸ்வால்ட்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருந்த அவருடைய யார்டில், வார்த்த சுவர்களைப் பொருத்தி நிறுத்திய மாதிரி அறையை அரசாங்க அதிகாரி தட்டிப் பார்த்தார்.

"பலம் காணுமோ?"

"மெல்லத்தான் இறுகும். ஐம்பத்தாறாம் நாள் முழுப் பலம் வந்திடும். அகதிக் குடும்பங்களுக்கு நல்ல வீடு, சேர்."

"வீடு இல்லை, களஞ்சியம். நூறு அறை வேணும், யன்னல் வேண்டாம்."

"சாமானுக்கும் காத்து வேணுமே, சேர்."

ஒஸ்வால்ட் கெஞ்சிக் கேட்டு, அறைக்குக் கையளவு துளை ஒன்றுக்கு அனுமதி வாங்கினார். வார்த்த ஒவ்வொரு சுவரிலும் வழக்கம்போலத் தன் கையாலேயே திகதி எழுதினார்.

அறைகள் லொறிகளில் போய் முடிந்த வாரம் வெள்ளவத்தையில் இராணுவச் சுற்றிவளைப்பு நடந்தது. பிடிபட்ட தமிழர்களோடு ஒஸ்வால்டையும் கண்ணைக் கட்டி ஏற்றிப்போய், எங்கோ ஓர் அறையில் அடைத்தார்கள்.

கண்கட்டை அவிழ்த்ததும் தேநீர்க்கடைச் சிறில் சுவரைக் குத்தினான்.

"இது உடையுமோ, அண்ணே?"

ஒஸ்வால்ட் சுவரைப் பார்த்தார். மூலையில் அவருடைய கையெழுத்தில் திகதி இருந்தது. விரல்விட்டு எண்ணினார். இன்றைக்கு ஐம்பத்தாறாம் நாள்.

"உடையாது, தம்பி. நீர் இங்கால வந்து இந்தத் துளைக்குக் கீழ இரும். கொஞ்சம் காத்து வரும்."