இரும்பு தின்னும் மிருகம்

படத்தில் இருந்த மிருகம் தான்தான் என்பதில் தல்சூவுக்குச் சந்தேகமே இல்லை. கரடி உடம்பு, யானைத் தும்பிக்கை, புலிக் கால், மாட்டு வால். போதாக்குறைக்கு அது வாயில் கவ்வியிருந்தது அவனுடைய ஸ்பேனர். கைப்பிடியில் அவன் சுற்றிய சிவப்பு டேப்கூட அப்படியே இருந்தது.

தென்கொரியாவின் போஹாங் நகரச் சமுதாயக் கூடத்தில், ஓவிய வகுப்புப் பெண்கள் வரைந்த படங்களை மாட்டியிருந்தார்கள். உருக்காலையில் ஷிஃப்ட் முடிந்த பாதிப் பேர் அங்கேதான் நின்றார்கள்.

"அண்ணே, தொப்பை உன்னோடதுதான். சோஜு சாராயப் பாட்டிலைத்தான் காணோம்" என்றான் கூட வேலை பார்க்கும் கிபேக். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள்.

தல்சூவுக்குக் காது மடல்வரை சூடேறியது. ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு போய் மனைவி ஓக்சிம்மின் கையைப் பிடித்தான்.

"நான் போடுற சோத்தைத் தின்னுட்டு, என்னையே மிருகமா வரைஞ்சு ஊருக்குக் காட்டுறியா? கழட்டுடி அதை!"

ஓவிய ஆசிரியை குறுக்கே வந்தாள். "சார், அது புல்கசாரி. சோத்துப் பருக்கையில பிடிச்ச குட்டிப் பொம்மை. முதல்ல ஊசியைத் தின்னுச்சு. அப்புறம் வீட்டுல இருந்த இரும்பையெல்லாம் தின்னு தின்னு, வாளுக்கும் அம்புக்கும் சாகாத அளவுக்கு வளந்துடுச்சு. அந்தப் பழைய கதைதான்."

"கதை எனக்கும் தெரியும், டீச்சர். அந்த ஸ்பேனர் யாரோடதுன்னு இவளைக் கேளுங்க. வயித்துக்குள்ள தெரியுது பாருங்க, வாணலி, கரி இடுக்கி. அதெல்லாம் யார் வீட்டுதுன்னு கேளுங்க!"

"நம்ம வீட்டுதுதான்" என்றாள் ஓக்சிம். "எல்லாம் நீங்க என் மேல எறிஞ்சது."

சிரிப்பு நின்றது. கிபேக் தரையைப் பார்த்தான்.

தல்சூ கையை ஓங்கினான். அந்தக் கை எழுந்தால் அவள் முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். அது அவனுக்குப் பழக்கம், அவளுக்கும் பழக்கம். இன்றைக்கு அவள் அசையவில்லை. நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள். தையல் போட்ட தழும்பை ஊரே பார்த்தது.

"இத்தனை பேர் முன்னாடி புருஷனை மிருகம்னு சொல்றியே, வெக்கமா இல்ல?" அவன் குரல் கிறீச்சிட்டது.

ஓக்சிம் ஓர் எட்டு முன்னால் வந்தாள்.

"மிருகம் நீங்க இல்லைங்க. நான்."